சவுனாவில் ஒரு பேட்டரி

"வெயில் அடிக்குது. கூரைமேல சோலார் தகடு வேலை செய்யுது. பேட்டரிதான் சார்ஜ் ஏறமாட்டேங்குது," என்றான் வெய்க்கோ.

வெளியே, உறைந்த இனாரி ஏரி மார்ச் வெயிலில் யாரோ மறந்துவிட்டுப் போன கண்ணாடி போலக் கிடந்தது. படுத்துறங்க வசதியுள்ள கேம்பர் வண்டிக்குள் அவன் மனைவி ரைலி காப்பிக் கோப்பையை இரு கைகளாலும் அணைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன் ஏறாது?"

"லித்தியம் இல்லையா? இந்தக் குளிர்ல, இருக்கிறதைக் கொடுக்கும். புதுசா எதையும் ஏத்திக்காது."

"உன்னை மாதிரியேதான்."

வெய்க்கோ சிரிக்கவில்லை. பேட்டரி தீர்ந்தால் ஹீட்டரின் விசிறி நின்றுவிடும். விசிறி நின்றால், வண்டியை நிறுத்தியிருந்த முகாமின் வாடகை மரக்குடிலுக்குத்தான் படுக்கப் போகவேண்டும். 'ஒரு ராத்திரி குடில்ல படுத்தாலும் வண்டியை வித்துடணும்' என்று கிளம்பும்போதே ரைலி வாக்கு வாங்கியிருந்தாள்.

பேட்டரியைச் சூடாக்க ஹீட்டரை முழுவேகத்தில் வைத்தான். ரைலியின் பாதங்கள் சூடாயின. கதவோரப் பெட்டியில் இருந்த பேட்டரி சூடாகவில்லை; விசிறிக்கு உழைத்துப் பாதியாகிவிட்டது.

ரைலியின் கம்பளியை எடுத்து அதற்குச் சுற்றினான். ஒரு காப்பி குடித்துவிட்டு வந்து பார்த்தான். அப்படியேதான் இருந்தது.

"கம்பளி தானா சூடு தராது, வெய்க்கோ. உள்ளே இருக்கிறதைக் காப்பாத்தும். நீ உள்ளே வச்சிருக்கிறது குளிரை."

"முன்னாடியே சொல்லக்கூடாதா?"

"நீ கேக்கல. இப்ப என் போர்வையும் போச்சு."

எதற்கும் சரியாகாத எதையும் சவுனா என்னும் நீராவிக் குளியலறைக்குத் தூக்கிப் போவது அவன் வம்ச வழக்கம். பேட்டரியைக் கழற்றி, பனியில் இழுத்துப்போகும் சறுக்குப் பலகையில் வைத்தான். வண்டியில் விசிறி ஓய்ந்தது.

"மீன் பிடிச்சுட்டு வரேன்."

"தூண்டில் இங்கே இருக்கு," என்றாள் ரைலி, இரண்டாவது குல்லாயை மாட்டிக்கொண்டே. அவன் அதற்குள் போய்விட்டான்.

சவுனாவின் கீழ்ப்படியில் துண்டை விரித்துப் பேட்டரியைக் கிடத்தினான். மேல்படியில் தான் பிறந்தமேனியாக உட்கார்ந்துகொண்டான். சற்று நேரத்தில் பேட்டரியின் சின்னத் திரை கண்விழித்தது: 'அதிக வெப்பம்.'

"குளிர்னாலும் கோபம், சூடுனாலும் கோபமா உனக்கு?"

கதவு திறந்தது. முகாமின் சொந்தக்காரர் தாவெத்தி, கையில் ஒரு நீர்க்கரண்டியைத் தவிர உடம்பில் எதுவுமில்லாமல் உள்ளே வந்து, அடுப்புக்கற்கள் மேல் தண்ணீர் ஊற்ற அதை ஓங்கினார்.

"ஊத்தாதீங்க! ஊத்தாதீங்க!"

தாவெத்தி கீழ்ப்படியைப் பார்த்தார். "யாருப்பா இது, துண்டெல்லாம் விரிச்சு?"

"குளிர்ல விறைச்சுப்போச்சு. ரைலிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் வண்டி போயிடும்."

தாவெத்தி நிதானமாக உட்கார்ந்தார். தாடியைத் துடைத்துக்கொண்டார்.

"அட, இவருதானா அது? காலையிலேர்ந்து குடில்ல அடுப்பை மூட்டிவச்சுக் காத்திட்டிருக்கேன். கோடையிலேயே ரைலி ஒரு குடில் பிடிச்சுட்டாளே! 'பகல்ல பேட்டரி குளிர்காயட்டும், நாங்க ரெண்டு பேரும் வண்டியிலதான் படுப்போம்'னா."