மூன்றாம் பாட்டிலின் புதினா வாசனை குறித்து

மரியாதைக்கும் அதைவிடக் கொஞ்சம் கூடுதலான அன்புக்கும் உரிய அத்தானுக்கு,

இங்கே நாங்கள் நலம். அங்கே நீங்கள், அக்கா, உங்கள் மூக்கு, நாக்கு எல்லோரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நீங்கள் அனுப்பிய நான்கு ஒயின் பாட்டில்களும் ஆறு கண்ணாடிக் கோப்பைகளும் இரண்டு பக்கச் சுவைப் படிவமும் உடையாமல் கசங்காமல் வந்து சேர்ந்தன. வந்து சேர்ந்த நாளின் நிலவரத்தைத்தான் சொல்கிறேன்.

படிவத்தை ஒரு வாரத்தில் நிரப்பி அனுப்பச் சொல்லியிருந்தீர்கள். பதினெட்டு நாள் ஆகிவிட்டது. எட்டு மாதக் குழந்தையை வைத்திருப்பவள் என்ற சலுகையை நான் கேட்கவில்லை, நீங்களும் தர மாட்டீர்கள். இன்று காலை அக்கா போன் செய்யாமல் இருந்திருந்தால் இன்னும் பதினெட்டு நாள் ஆகியிருக்கும். அவள் குரலே சரியில்லை. "உங்க வீட்டுக்காரர் ஏதோ புதினான்னு சொன்னாராம்டி. அன்னையிலேருந்து மனுஷன் கால் தரையில படல. ஒண்ணும் தெரியாத ஆளுக்கே நான் அனுப்பின ஒயின் பிடிபடுதுன்னா, நான் பொறந்ததே இதைச் சொல்லிக் குடுக்கத்தான்னு சொல்றார்டி" என்றாள். வருகிற திங்கட்கிழமை கிளினிக்கை மூடிவிட்டு அங்கே ஒயின் சுவைப் பள்ளி தொடங்குகிறீர்களாம். பல் பார்க்கும் நாற்காலிகளை விற்றுவிட்டு, துப்பும் தொட்டிகளை மட்டும் வைத்துக்கொள்கிறீர்களாம். இருபத்திரண்டு வருடம் ஊரைத் துப்ப வைத்த அனுபவம் வீணாகக் கூடாது என்ற உங்கள் சிக்கனம் எனக்குப் புரிகிறது. ஆனால் அந்தப் புதினா விஷயத்தில் ஒரு சின்ன விளக்கம் பாக்கி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் கோப்பைகள். எங்கள் வீட்டுக்குள் வெளியிலிருந்து எந்தப் பாத்திரம் வந்தாலும் பத்து நிமிடம் கொதித்த பிறகுதான் அலமாரிக்குப் போகும். பாப்பா பிறந்த நாளிலிருந்து இதுதான் நடைமுறை. உங்கள் கோப்பைகளையும் பால்புட்டி கொதிக்கும் பாத்திரத்தில் போட்டேன். நான்காவது நிமிடம் ஒரு சத்தம் கேட்டது, ஐந்தாவது நிமிடம் மூன்று சத்தம். மீதி இரண்டு. அவை சுத்தமாக இருக்கின்றன, அதில் சந்தேகமே வேண்டாம்.

அப்புறம் சுவைக் குழு. பால் கொடுக்கிறவள் ஒரு சொட்டுக்கூடத் தொடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருப்பதால், படிவத்தில் 'மூக்கு' என்ற பகுதி மட்டும் என் பொறுப்பு. 'நாக்கு' உங்கள் சகலையும் என் மாமனாரும். மாமனார் எடை அளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர் என்பதை மறந்துவிட்டு அவர் கையிலும் ஒரு படிவத்தைக் கொடுக்கச் சொன்னது நீங்கள்தான். 'முதல் பார்வையில் தோன்றும் எண்ணம்' என்ற இடத்தில் அவர் எழுதியிருப்பது: "லேபிளில் உள்ள அளவைவிட எட்டு மில்லி குறைவு. விளக்கம் கேட்டு எழுதவும்."

முதல் பாட்டில் வெள்ளை. தக்கையைத் திறக்கும் திருகியை நீங்கள் அனுப்பவில்லை, அது எல்லார் வீட்டிலும் இருக்கும் என்ற உயர்ந்த எண்ணம். உங்கள் சகலை கடிகாரம் மாட்டியிருந்த ஆணியைப் பிடுங்கித் தக்கையில் அடித்தார். தக்கை மேலே வருவதற்குப் பதிலாக உள்ளே போய்விட்டது. வடிகட்டுவதற்குப் பாப்பாவின் பழச்சாறு வடிகட்டியை எடுத்தார், நான் பிடுங்கி வைத்தேன். கடைசியில் அவருடைய புது பனியன் ஒன்றில் வடிகட்டினார்கள். நான் முகர்ந்த வரையில் பனியன், ஈர மரம், பேபி பவுடர். பேபி பவுடர் ஒயினில் இருந்ததா, என் மேலிருந்ததா என்று தெரியவில்லை. எட்டு மாதமாக எதை முகர்ந்தாலும் எனக்கு அதுதான் வருகிறது. சகலையின் கருத்து: "நல்லாத்தான் இருக்கு." மாமனாரின் கருத்து: "தக்கைத் துகள் நாலு."

இரண்டாவது இளஞ்சிவப்பு. அதைத் திறந்தபோது பாப்பா விழித்துக்கொண்டாள், நான் தூக்கிக்கொண்டு நின்றபடியே முகர்ந்தேன். அந்த நேரத்தில் அவளும் தன் பங்குக்கு ஒரு வேலையைச் செய்து முடித்திருந்தாள். எனவே இரண்டாம் பாட்டிலைப் பற்றி 'மூக்கு' பகுதியில் நான் எழுதியதை அடித்துவிட்டேன், அது ஒயினுக்குச் செய்யும் அநியாயம். சகலை இதற்கும் "நல்லாத்தான் இருக்கு" என்றார். வாயில் வைத்துத் துப்ப வேண்டும் என்று படிவத்தில் போட்டிருக்கிறதே என்று கேட்டேன். "அத்தான் ஆசையா அனுப்பினதைத் துப்பறதா? நல்லா இருக்குமா?" என்று கேட்டுவிட்டு விழுங்கினார். மாமனார் மட்டும் ஒவ்வொரு வாயையும் வாளியில் துப்பி, துப்பியதையும் அளந்தார்.

இனிதான் அந்த மூன்றாவது, சிவப்பு. 'ஒயின் பற்களையும் ஈறுகளையும் இழுத்துப் பிடிக்கிறதா?' என்று நீங்கள் ஒரு கேள்வி வைத்திருக்கிறீர்கள். மாமனார் அதை மூன்று முறை படித்தார். "ஏம்மா, பல்லு நம்மளோடது இல்லையே. அது என்ன சொல்லும்? ஈறைத்தான் கேக்கணும்" என்றார். போன வருடம் நீங்களே அளவெடுத்துக் கட்டிக்கொடுத்த பல்செட்டைக் கழற்றினார். கழற்றினால் சும்மா வைக்கக்கூடாது, கொப்பளிக்கும் மருந்து கலந்த தண்ணீரில்தான் போட வேண்டும் என்று நீங்கள் சொல்லி அனுப்பியதை வேதமாக வைத்திருக்கிறவர். அந்தப் பச்சை மருந்தைக் கலந்து தன் கோப்பையில் பல்லைப் போட்டார். குழந்தை பார்த்தால் பயப்படும் என்று கோப்பையைச் சுற்றிக் கைக்குட்டையைக் கட்டினார். தனக்கு ஒரு டம்ளர் எடுத்துவர அடுக்களைக்குப் போனார்.

நான் உள்ளே பாப்பாவைத் தூங்க வைத்துக்கொண்டிருந்தேன். உங்கள் சகலை மூன்றாவது பாட்டிலைத் திறந்து கொண்டுவந்தார். கண்ணால் பார்த்தால் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடும், துணியால் மூடித்தான் சுவைக்க வேண்டும் என்று படிவத்தின் இரண்டாம் பக்கத்தில் நீங்கள் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறீர்கள் அல்லவா, அதை அந்த ஒரு நிமிடம் பார்த்துத்தான் அவர் படித்துத் தொலைத்திருக்கிறார். துணி கட்டிய கோப்பை தயாராக இருக்கிறது. அப்பா எவ்வளவு பொறுப்பாக ஏற்பாடு செய்திருக்கிறார் என்று நெகிழ்ந்து, உள்ளே எட்டிப் பார்க்காமலே அது நிறைய ஊற்றி, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். கல்யாணமாகி நான்கு வருடத்தில் முதல்முறையாக "நல்லாத்தான் இருக்கு" என்பதைத் தவிர வேறு ஒரு வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்தது.

"இங்க வந்து பாரேன். இதுல புதினா அடிக்குது. குடிச்சு முடிச்சதும் வாயே கழுவிவிட்ட மாதிரி இருக்கு."

சந்தோஷம் தாங்காமல், எழுத்தில்தான் சொல்ல வேண்டும் என்ற உங்கள் விதியையும் மீறி, உடனே உங்களுக்குப் போன் போட்டார். நீங்கள் பேசியது எனக்கு உள்ளறை வரை கேட்டது. "புதினாவா? கண்டுபிடிச்சிட்டீங்களா? நிறைய பேருக்கு அது பிடிபடாது சகலை" என்றீர்கள். அத்தான், நிறைய பேருக்குப் பிடிபடாததற்குக் காரணம் உண்டு. அவர் போனை வைத்துவிட்டு மீதியைக் கவிழ்த்தபோது உங்கள் கைவண்ணத்தில் உருவான கீழ்வரிசை வந்து அவர் உதட்டைத் தொட்டது. அதே நேரம் மாமனார் டம்ளரோடு வந்து வாய் குழற, "ஏம்மா, என் பல்லைப் பாத்தியா?" என்று கேட்டார்.

உங்கள் சகலை அதன் பிறகு துப்பினார். படிவத்தில் சொன்னதைவிடச் சிறப்பாகவே துப்பினார். பல்செட் இப்போது ஊதா நிறத்தில் இருக்கிறது. நான்காவது பாட்டிலைத் திறக்க யாருக்கும் தைரியம் வரவில்லை.

அன்றைக்கே உங்களைக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். "பாவம், எவ்வளவு சந்தோஷமா இருந்தார். நாளைக்குச் சொல்லிக்கலாம்" என்றார் இவர். அந்த நாளைக்கு இன்றுவரை வரவில்லை. இவர் இரக்கப்பட்டதில் ஒரு கிளினிக் போகப்போகிறது என்று அக்கா சொல்லித்தான் தெரிந்தது. ஆகவே எழுத்துமூலம் தெரிவிப்பது: நீங்கள் அனுப்பிய ஒயினில் புதினா இல்லை. அது நீங்கள் எழுதிக்கொடுத்த மருந்து. உங்களிடம் இருக்கும் கைராசி எந்தத் துறையைச் சேர்ந்தது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சுவைக் குழுவும் சொல்லிவிட முடியாது.

இதற்குப் பிறகும் நாற்காலிகளை விற்பதென்றால் தாராளமாக விற்றுக்கொள்ளுங்கள். அக்கா அழுதால் அந்தக் கண்ணீரில் என்ன வாசனை அடிக்கிறது என்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு ஒன்றும் குறைந்துவிடாது. இந்த ஊரில் தெருவுக்கு ஒரு பல் டாக்டர் இருக்கிறார். சுவைக் குழுவிலிருந்து எங்கள் குடும்பம் இன்றோடு விலகுகிறது. ஞாயிற்றுக்கிழமை அடுத்த நான்கு பாட்டிலோடு வருவதாகச் சொன்னீர்களாம், தயவுசெய்து வர வேண்டாம். வந்தால் கதவைத் திறக்க மாட்டேன், நான் கொஞ்சம் நிம்மதியாக இருக்க வேண்டும்.

அக்காவுக்கு என் முத்தங்கள். மாமனார் உங்களுக்குத் தன் ஆசிகளைச் சொல்லச் சொன்னார், எட்டு மில்லிக்கான விளக்கத்தையும் எதிர்பார்க்கிறார். உங்கள் நாக்கு நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
உங்கள் பிரியமுள்ள கொழுந்தியாள்

பி.கு.: அத்தான், கடிதத்தை மடித்த பிறகு திரும்பப் பிரித்து எழுதுகிறேன். இப்போது பால் குடிக்கும்போது பாப்பா என்னைக் கடித்துவிட்டாள். வாயைத் திறந்து பார்த்தால் கீழ் ஈறில் வெள்ளையாக ஒரு புள்ளி. பல்தானா, வேறு ஏதாவதா? பல் என்றால் ஏன் நடுவில் வராமல் ஓரமாக வருகிறது? ஓரமா, இல்லை எனக்குத்தான் அப்படித் தெரிகிறதா? தெருவுக்கு ஒரு டாக்டர் இருந்து என்ன, அவள் வாயில் யாரையாவது விரலை வைக்க விட்டுவிடுவேனா? ஞாயிறு வரை காத்திருக்காதீர்கள். இவர் கையில் கடிதத்தைக் கொடுத்து அனுப்புகிறேன், அந்த வண்டியிலேயே ஏறி வந்துவிடுங்கள். கண்ணாடியும் விளக்கும் மறக்க வேண்டாம். பாட்டில் கொண்டுவந்தாலும் சரி, எத்தனை வேண்டுமானாலும் முகர்கிறேன். பால்பல் இருபது, அது விழுந்து முளைப்பது முப்பத்திரண்டு என்று நீங்கள்தான் ஒருமுறை சொன்னீர்கள். அத்தனையும் முளைத்து முடிகிற வரை அந்த நாற்காலிகளில் யாரையும் கை வைக்க விடாதீர்கள்.