மாமி வீட்டில் பட்டினி கிடந்த முளையம்

கல்முனைக் கரையில் முளையத்துக்காக, அதாவது வயிற்றில் உண்டாகும் இளங்கருவுக்காக, வக்காலத்து வாங்கிய ஒரே மனிதர் எங்கள் ‘முளையம் மாஸ்டர்’தான். எண்பதுகளில் அவர் விலங்கியல் படிப்பித்தார்; நான் அதே பாடசாலையில் கணக்கு. தேத்தண்ணிக் கடையில் அரசியல் பேச உட்கார்ந்தாலும், வடை வருவதற்குள் கருப்பைக்குள் போய்விடுவார். பக்கத்து மேசைக்காரர்கள் கோப்பையோடு வெளியே போய் நின்று குடிப்பார்கள்.

இந்தப் பைத்தியத்துக்குக் காரணம் உண்டு. அவர் மனைவிக்குக் கரு உண்டாகும், தங்காது. மாஸ்டரின் உம்மா இரண்டாம் கலியாணம் பேசத் தொடங்கியிருந்தார்.

ஒருநாள் உம்மா கூப்பிட்டனுப்பி, பெண்ணே பார்த்தாயிற்று என்றார். துணைக்கு நானும் போயிருந்தேன். மாஸ்டர் கோபப்படவில்லை. முற்றத்து மணலில் ஈர்க்கினால் படம் கீறத் தொடங்கினார். எங்கள் ஊரில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். உதாரணத்தையும் அங்கிருந்தே எடுத்தார்.

“உம்மா, முளையம் எண்டது புது மாப்பிள்ளை. கருப்பை, பொண்டாட்டிட வீடு. முட்டை உண்டாகுற சூலகம்தான் மாமி. மாமி ரத்தத்துல ஓமோன் எண்ட ஆள அனுப்பிச் சொன்னாத்தான் வீட்டுக்குள்ள அடுப்பெரியும், மாப்பிள்ளைக்குச் சாப்பாடு வரும். சொல்லு வரல்லயெண்டா? எலிட வயித்துல பாத்திரிக்காங்க. மாப்பிள்ளை வேலையெல்லாத்தையும் குறைச்சிட்டுச் சுருண்டு படுத்திருவான். சொல்லு வந்தாத்தான் எழும்புவான். இதுல ஆர உம்மா குத்தம் சொல்ற?”

உம்மாவின் கண் கலங்கியது. விளங்கிவிட்டது என்று மாஸ்டர் என்னைப் பெருமையாகப் பார்த்தார்.

“எத்தின நாளா மகன் உனக்கு அந்த வீட்டுல சோறில்ல?” என்றார் உம்மா.

“அது நானில்ல உம்மா, முளையம்” என்று மாஸ்டர் தலைபாடாக அடித்துக்கொண்டார். மாமியாரை விட்டுக்கொடுக்காமல் மகன் மறைக்கிறான் என்று உம்மா முடிவுகட்டிவிட்டார். மாலை அஸர் தொழுகைக்குள் ஊர் முழுக்கப் பரவியது. மாஸ்டர் மெலிந்துபோனதைக் கண்ணால் கண்டதாக அட்டாளைச்சேனையிலிருந்தும் ஆள் வந்து சொன்னார்.

மறுநாள் உம்மா சோறுகறியைக் கட்டிக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குச் சண்டைக்குப் போனார். சம்பந்தி மருந்து வாங்க வெளியே போயிருந்தார். அறைக்குள் மருமகள் சுவரைப் பார்த்தபடி படுத்துக் கிடந்தாள். இந்த முறை உண்டான கருவும் அந்தக் கிழமைதான் கலைந்து போயிருந்தது. அதை மாஸ்டர் தாயிடம்கூடச் சொல்லியிருக்கவில்லை.

உம்மா சண்டையை மறந்து சட்டியை இறக்கினார்.

“எழும்பு மகள். நீயும் திங்கல்லயா?”

பிசைந்து ஊட்டினாராம். இரண்டாம் கலியாணப் பேச்சு அதோடு நின்றது. மாமியார்தான் பட்டினிக் கதை காதுக்கு வந்ததும், நெடுநாளாக மருமகனோடு கதைக்கவில்லை.

“நீங்க படிப்பிச்சது ஒருத்தருக்கும் விளங்கல்லயே மாஸ்டர்” என்று நான் சீண்டினேன்.

“விளங்காட்டிப் போகட்டும். அவ திண்டாளே” என்றார்.

அன்றிலிருந்து தேத்தண்ணிக் கடையில் அவர் பேசி முடிக்கும்வரை நான் எழும்பியதில்லை.