இரு மணிக்கட்டுகளின் சோதனை அறிக்கை

மதிப்பிற்குரிய மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தையும் நலம். என் நலத்தை இரண்டு கடிகாரங்கள் தனித்தனியே உறுதி செய்கின்றன. நிமிடத்துக்கு நான்கு துடிப்பு அளவில் அவற்றுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. அதை நான் பெரிதுபடுத்தவில்லை. அங்கே நீங்களும் என் மகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதம் மகள் கண்ணில் படாமல் பார்த்துக்கொள்ளவும். காரணம் போகப் போகத் தெரியும்.

விஷயத்தை நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று முதலில் எழுதிக்காட்டிவிடுகிறேன், தவறிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் கம்பெனி ஓட்டக்காரர்களுக்கென்று கைக்கடிகாரம் செய்கிறது. அதற்குள் இயங்கும் மென்பொருளை நீங்களும் உங்களுக்குக் கீழுள்ள ஒன்பது பேரும் சொந்தமாக எழுதுகிறீர்கள். உங்கள் மேலிடத்திலோ, ஊர் உலகத்தில் எல்லார் போனோடும் ஒட்டி உறவாடும் பொதுத் தளம் ஒன்று இருக்கும்போது நமக்கென்று தனிச் சமையல் எதற்கு, அதையே நம் கடிகாரத்திலும் போட்டுவிடலாமே என்கிறார்கள். போட்டுவிட்டால் அந்த ஒன்பது பேர் என்ன செய்வார்கள் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆகவே நீங்கள் பழைய மாதிரி ஒன்றும் பொதுத் தளம் போட்ட புது மாதிரி ஒன்றும் அனுப்பி, பதினான்கு நாள் அணிந்து பார்த்து, வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வாசிக்கும்படி எழுத்தில் கருத்துக் கேட்டீர்கள். “மாமா, முப்பத்தொரு வருஷம் தராசு சோதிச்ச மனுஷன் கையெழுத்துப் போட்டுச் சொல்றார்னா ரூம்ல ஒருத்தன் வாயைத் திறக்க மாட்டான்” என்றீர்கள். அன்றிலிருந்து எனக்குச் சரியாகப் பசிக்கவில்லை. தராசுகளைச் சோதித்தது உண்மைதான். ஆனால் தராசுக்காரர்களைக் கண்டு நான் பயந்ததும் உண்மை. எந்தக் கடைக்குள் நுழைந்தாலும் “மன்னிக்கணும், ஒரு சின்ன சோதனை” என்றுதான் ஆரம்பிப்பேன். என் பணிக்காலத்தில் தப்பான எடைக்கு நான் சான்று தந்ததில்லை என்ற ஒன்றைத் தவிரப் பெருமைப்பட என்னிடம் எதுவும் கிடையாது. அதையும் இப்போது உங்கள் கூட்டத்துக்கு அனுப்புகிறேன்.

பழையதை இடது கையிலும் புதியதை வலது கையிலும் கட்டிக்கொண்டு, புது நோட்டு வாங்கிக் கட்டம் போட்டுத் தொடங்கினேன். தொடக்கமே கோணல். எங்கள் அலுவலகத்தில் சோதனைக்கு வரும் எந்தக் கருவிக்கும் அடிப்புறத்தில் தேதியிட்ட சீட்டு ஒட்டிவிட்டுத்தான் அடுத்த காரியம். கை பழக்கம், இரண்டு கடிகாரத்துக்கும் அடியில் சீட்டு ஒட்டினேன். அங்கே இருந்த, நாடி பார்க்கும் சின்னஞ்சிறு பச்சை விளக்குகளை ஏதோ அலங்காரம் என்று நினைத்துவிட்டேன். அதன்பின் இடது கடிகாரம் நாடித்துடிப்பு வரவேண்டிய இடத்தில் இரண்டு கோடு போட்டுவிட்டு மரியாதையாக இருந்தது. வலது கடிகாரம், தன்னை யாருமே அணிந்திருக்கவில்லை என்று முடிவுகட்டி, நான் மணி பார்க்கும்போதெல்லாம் ரகசிய எண் கேட்டது. மூன்று நாள் இப்படி. ஒரு கருவி சொன்னால் கருவியைச் சந்தேகிக்கலாம். இரண்டு கருவிகள் ஒன்றுபோல் நாடி இல்லை என்றால் ஆளைத்தான் சந்தேகிக்க வேண்டும் என்பது என் படிப்பு. யாரிடமும் சொல்லவில்லை. உங்கள் அத்தையிடம் பீரோ சாவி எங்கே இருக்கிறது, காப்பீட்டுக் காகிதம் எந்த உறையில் இருக்கிறது என்று பேச்சுவாக்கில் இரண்டு முறை சொன்னேன். மூன்றாம் முறை சொன்னபோது அவர், “எங்க கிளம்பறீங்க? கிளம்பறதுன்னா அந்தக் குழாயைச் சரி பண்ணிட்டுக் கிளம்புங்க” என்றார். குழாயைச் சரி செய்யக் கடிகாரங்களைக் கழற்றியபோது சீட்டு கண்ணில் பட்டது. கிழித்தேன். உயிர் வந்தது. இதில் இரண்டு கடிகாரத்தின்மேலும் குற்றமில்லை. நோட்டில் ‘சோதகர் பிழை’ என்று சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்.

அடுத்து தூரச் சோதனை. ஒரு கடிகாரத்தை வைத்து மற்றொன்றைச் சோதிக்கக் கூடாது, இரண்டையும் ஒரு மூல அளவோடு ஒப்பிட வேண்டும். ஆகவே நான் காலையில் நடக்கப் போகும் பூங்காவின் சுற்றுப்பாதையை முப்பது மீட்டர் இரும்பு டேப்பால் அளந்தேன். மறுமுனையைப் பிடித்தவர் என் பெஞ்சுத் தோழர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். பாதி சுற்று அளப்பதற்குள் பூங்காக் காவலாளி ஓடி வந்தார். “எதுக்கு சார் அளக்கறீங்க? கட்டடம் வருதா?” என்றார். நான் பயத்தில் “இன்னும் முடிவாகலை” என்றேன். கடிகார விஷயத்தைத்தான் சொன்னேன், மாப்பிள்ளை. ஐந்து நிமிடத்தில் நடைக்குழு முழுக்கக் கூடிவிட்டது. அதன் தலைவரை, எப்போதும் கழுத்தில் ஊதல் தொங்குவதால், ‘விசில்’ என்போம். அவர் டேப்பின் மேல் ஏறி நின்றுகொண்டு, “என்னைத் தாண்டித்தான் அளக்கணும்” என்றார். அவரைத் தாண்டித்தான் அளந்தேன், ஆனால் மறுநாள், மன்னிப்புக் கேட்ட பிறகு. சுற்று நானூற்றுப் பன்னிரண்டு மீட்டர். இடது கடிகாரம் நானூற்றுப் பத்து என்றது. வலது நானூற்று முப்பத்தொன்று என்றது. தராசாக இருந்தால் வலதை அன்றே பறிமுதல் செய்திருப்பேன். அதற்கு அவசியமில்லாமல் அதுவே மாலைக்குள் மின்சாரம் தீர்ந்து கண்ணை மூடிக்கொண்டது. இடது கடிகாரத்துக்கு இந்தப் பதினான்கு நாளில் ஒரே முறைதான் மின்னேற்றினேன். வலதுக்குத் தினமும், சில நாள் இரண்டு வேளை. வீட்டில் எனக்குக் கூட அவ்வளவு கவனிப்பு கிடையாது.

வியர்வைச் சோதனைக்கு வருகிறேன். இடது கடிகாரத்தில் நான்கு பொத்தான்கள். கண்ணை மூடிக்கொண்டு அமுக்கலாம். வலதில் எல்லாம் தொடுதிரை. எட்டாம் நாள் வேகநடை முடித்து, ஈர விரலால் ‘நிறுத்து’ என்பதைத் தொடப் போனேன். அந்த நொடியில் எங்கள் ஓய்வூதியர் குழுவின் செய்தி ஒன்று திரையில் வந்து நின்றது. எங்கள் பழைய தலைமை அதிகாரி காலமான செய்தி. அவர் அறைக்குள் போகுமுன் கதவுக்கு வெளியே இரண்டு நிமிடம் நின்று மூச்சைச் சீர்செய்துகொள்வேன், அவர் பதவியில் இருந்த வருடமெல்லாம். அவருடைய மரணச் செய்திக்குக் கீழே என் பெயரில் ‘வாழ்த்துகள்! மிக்க மகிழ்ச்சி!’ என்று, கடிகாரம் ஆயத்தமாக வைத்திருந்த பதில் போய்விட்டது. அழிக்கத் தெரியாமல் மறுபடி தொட்டதில் கைதட்டும் படம் ஒன்றும் சேர்ந்து போனது.  அன்றே மூன்று பேர் எனக்குத் தனியாக எழுதினார்கள். ‘நாங்கள் நினைத்ததை நீங்கள் துணிந்து சொல்லிவிட்டீர்கள்’ என்று. என் வாழ்நாளில் துணிச்சலுக்காக எனக்குக் கிடைத்த பாராட்டு இது ஒன்றுதான்; அதுவும் ஈர விரலுக்குக் கிடைத்தது.

இனி, மகள் படிக்கக் கூடாத பகுதி. டாக்டர் என்னைத் தினம் ஆறாயிரம் அடி நடக்கச் சொல்லியிருக்கிறார். நான் பூங்காவுக்குப் போவது உண்மை. இரண்டு சுற்றுக்குப் பிறகு பல் டாக்டரோடு பெஞ்சில் உட்கார்ந்துவிடுவதும் உண்மை. இதை இடது கடிகாரம் அறியும். அறிந்து தன்னோடு வைத்துக்கொள்ளும். வலது கடிகாரத்தை, எல்லாம் ஒரே தளம் என்பதால், என் மகள் தன் போனோடு இணைத்திருந்தாள் என்பதை நான் பத்தாம் நாள்தான் அறிந்தேன். அவளுக்குத் தெரிந்தது அடிக்கணக்கு மட்டும், பெஞ்சு அல்ல. அன்று நடைக்குழு வட்டமாக நின்று கண்ணை மூடி மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்தது. நான் பெஞ்சில் இருந்தபடி கண்ணை மூடியிருந்தேன். அந்த அமைதியில் என் மணிக்கட்டிலிருந்து உங்கள் அத்தையின் குரல் முழு ஒலியில் கிளம்பியது. எந்தப் பொத்தானையும் நான் அமுக்கவில்லை, சத்தியமாக. கையைக் கட்டிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். முழங்கை எதையோ தொட்டிருக்கும்.

“ஏங்க, இன்னும் ஆயிரத்து எரநூறு அடிதான் நடந்திருக்கீங்களாம்! பொண்ணு போன் பண்ணிச் சொல்றா. அந்த பெஞ்சை விட்டு எந்திரிங்க. பல் டாக்டரும் பக்கத்துலதான இருக்காரு? அவரையும் எழுப்புங்க!”

பல் டாக்டர் எழுந்தே விட்டார். கண் திறந்த விசில், “சார், நாங்க வாட்ச்ல மணி பாப்போம். உங்க வாட்ச்ல வீட்டுக்காரம்மாவே இருக்காங்களே!” என்றார். குழு அதன்பிறகு மூச்சுப் பயிற்சி செய்யவில்லை. சிரித்தே மூச்சு வாங்கியது.

ஆகவே என் முடிவு: துல்லியம், மின்சாரம், பொத்தான், அடக்கம் ஆகிய எல்லாவற்றிலும் உங்கள் சொந்தக் கடிகாரமே மேல். விளையாட்டுக்கென்று கடிகாரம் செய்பவர்கள் பொதுத் தளத்தின் பக்கம் போக வேண்டியதில்லை. நடப்பவனுக்குத் தேவை தூரமும் நேரமும். ஊர்ப் பேச்சு அல்ல. இதைக் கூட்டத்தில் என் பெயரில் வாசிக்கலாம், பெஞ்சைத் தவிர்த்து. உங்கள் ஒன்பது பேரும் நிம்மதியாக இருக்கட்டும். இருவரும் நீடு வாழ்க, உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்ற ஆசிகளுடன், தங்கள் நேரம் எடுத்துக்கொண்டதற்கு மன்னிப்புக் கோரும்,

உங்கள் மாமனார்.

பி.கு.: ஒட்டிய உறையைக் கத்தரித்துத் திறந்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளதை வாசித்துவிடாதீர்கள்.

நேற்றுக் காலை, சோதனை முடிந்தது என்று வலது கடிகாரத்தைப் பெட்டியில் வைத்து மூடிவிட்டு, இடதை மட்டும் அணிந்து பூங்காவுக்குப் போனேன். நடக்கப் போகும்போது நான் போன் எடுத்துப் போவதில்லை; அதுவரை வலது கடிகாரத்திலேயே அழைப்பு வந்துகொண்டிருந்தது. உங்கள் அத்தை மகளோடு போனில் பேசியபடியே துணி உலர்த்தப் பால்கனிக்குப் போயிருக்கிறார். காற்றில் கதவு சாத்திக்கொண்டு, உள் கொக்கி விழுந்துவிட்டது. நாங்கள் இருப்பது நான்காம் மாடி. வாசற்கதவுக்குச் சாவி இரண்டு. ஒன்று என் பையில், ஒன்று வீட்டுக்குள். என்னைப் பதினேழு முறை அழைத்திருக்கிறார். மேசையில் என் போனும் பெட்டிக்குள் கடிகாரமும் சேர்ந்தே அடித்ததைக் கண்ணாடி வழியாகக் கேட்டபடி, வெயிலில் ஒரு மணி பத்து நிமிடம் நின்றிருக்கிறார். அந்த நேரம் முழுக்க நான் பெஞ்சில். இடது கடிகாரம் என் மணிக்கட்டை மெல்லத் தட்டி, ‘ஓய்வு நிலை மிக நன்று’ என்றது. அந்த மகிழ்ச்சியோடு வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்தபோது அவர் முகம் சிவந்திருந்தது. திட்டவில்லை. “உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு நெனச்சிட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு, நின்றபடியே இரண்டு டம்ளர் தண்ணீர் குடித்தார். தன்னைப் பற்றிய கவலை அவர் பேச்சில் எங்கும் இல்லை. நோட்டில் அதற்கு நான் கட்டம் போட்டிருக்கவில்லை.

மாப்பிள்ளை, கடிகாரம் அணிபவனுக்கு மட்டும் என்று எண்ணிச் சோதித்துவிட்டேன். வீட்டில் காத்திருப்பவரைச் சோதனையில் சேர்க்கவே இல்லை. இன்னொன்றையும் மறைத்துவிட்டேன். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கடைக்காரர் தன் சொந்தக் கற்களால் நிறுத்துக்கொண்டிருந்தார். நேர்மையான கற்கள்தான். அவற்றை எடுத்துக்கொண்டு பொது முத்திரை எடைக்கல் கொடுத்தபோது கடையே போய்விட்டதென்று அழுதார். கடை போகவில்லை. அடுத்த தெருக்காரர்களும் வரத் தொடங்கினார்கள். எடைக்கல்தான் பொதுவாயிற்று, சரக்கு அவருடையதாகவே இருந்தது. இது முதல் நாளே என் நினைவுக்கு வந்தது. உங்களுக்கு எதிராகப் போகுமே என்று எழுதவில்லை. முப்பத்தொரு வருடத்தில் செய்யாததை உங்களுக்காகச் செய்யப் பார்த்தேன்.

ஆகவே திருத்திய சான்று: பொதுத் தளத்தைப் போடுங்கள். ஆனால் பதினான்கு நாளில் ஒரே முறை மின்னேற்றமும், ஈர விரலுக்கு அஞ்சாத நான்கு பொத்தானும், நானூற்றுப் பத்து மீட்டர் சொன்ன துல்லியமும் அதற்குள் வர வேண்டும். அவற்றை உள்ளே கொண்டுவரத் தெரிந்தவர்கள் உங்கள் ஒன்பது பேர்தான் என்று கூட்டத்தில் சொல்லுங்கள். அதற்கு என் கையெழுத்து உண்டு. பெஞ்சையும் வாசித்துக்கொள்ளுங்கள், நேற்று உங்கள் அத்தை மகளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

வலது கடிகாரத்தைத் திருப்பி அனுப்ப இயலவில்லை. உங்கள் அத்தை அதை என் கையில் கட்டி, வாரை இருப்பதிலேயே இறுக்கமான துளையில் மாட்டிவிட்டார். இப்போதும் அடிக்கிறது. பக்கத்து அறையிலிருந்து அவர்தான், எழுதி முடித்தாயிற்றா என்று கேட்க.