சூறாவளியும் தும்பியும்

வீட்டுக்கு ஃபைபர் லைன் போட வேண்டும் என்று சசிகலா சொன்ன அன்றைக்கே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். இந்த ஜவ்வாது மலையிலேயே படுமட்டமான லைன் எதுவோ, அதைத் தேடிப் பிடித்து எங்கள் வீட்டில் மாட்டுவது.

என்னைக் கெட்டவன் என்று நினைக்காதீர்கள். முதலில் விஷயத்தைக் கேளுங்கள்.

என் பெயர் தீர்த்தகிரி. மலையில் ஒரு பள்ளி விடுதியில் எழுத்தர். சாயங்காலம் ஆறு மணிக்கு விடுதியில் எத்தனை பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று தலை எண்ணி, ஏழு மணிக்குள் கீழே ஆபீசுக்கு வாட்ஸப்பில் அனுப்ப வேண்டும். 'இன்று 84.' அவ்வளவுதான் செய்தி. ஆனால் எங்கள் ஊரில் டவர் எடுக்காது. ஊருக்கு மேலே ஒரு பெரிய பாறை இருக்கிறது. அதன் மேல் ஏறி, மேற்கே பார்த்து நின்றால் இரண்டு கோடு தெரியும். செய்தி போக ஒரு நிமிஷம். நான் திரும்பி வர இரண்டு மணி நேரம்.

நடுவில் என்ன செய்வேன்? ஒன்றும் செய்யமாட்டேன். அதுதான் அதன் அருமை. ரேஷன் கடை கோபால்சாமியும் வருவார். பகலெல்லாம் வெயில் வாங்கின பாறை, முதுகுக்கு இதமாக இருக்கும். படுத்துக்கொள்வோம். அவர் எதையாவது சொல்வார், நான் 'உம்' போடுவேன். பிறகு நான் சொல்வேன், அவர் 'உம்' போடுவார். பத்து வருஷமாக இந்த 'உம்'மில்தான் எங்கள் சிநேகம் ஓடிக்கொண்டிருக்கிறது. வீட்டில் கேட்டால், "சிக்னல் கிடைக்கல சசி, ரொம்ப நேரம் நிக்க வேண்டியதா போச்சு" என்பேன்.

வீட்டுக்குள் ஃபைபர் வந்தால் இந்தப் பொய் என்ன ஆவது?

சசிகலா சொன்ன காரணமும் சாதாரணமானதில்லை. அவள் கலசப்பாக்கத்துப் பெண். பி.ஏ. தமிழ், அதற்கு மேல் பி.எட். கல்யாணமாகி மலையேறி வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. படித்த படிப்பு பெட்டியில் இருக்கிறது. மகள் நர்சிங் படிக்க ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். இந்த நேரத்தில்தான், சசிகலா கீழே அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளோடு கூடப் படித்த சகிலா மஸ்கட்டிலிருந்து கூப்பிட்டாள். அங்கே இருக்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுதப் படிக்க ஆன்லைனில் சொல்லித்தர ஆள் வேண்டுமாம். தினமும் ஆறிலிருந்து எட்டு மணி வரை.

"ஒரு மாசம் பாப்பாங்களாம். லைன் அடிக்கடி கட்டாச்சுன்னா வேற டீச்சர்கிட்ட குடுத்துடுவாங்களாம்" என்றாள் சசிகலா. சொல்லும்போது கையில் இருந்த அவரைக்காயை நார் உரிக்க மறந்து அப்படியே ஒடித்துப் போட்டாள். அவள் அப்படிச் செய்து நான் பார்த்ததில்லை.

"நல்ல லைனா பாத்து நீங்களே விசாரிச்சு சொல்லுங்க" என்றாள்.

அங்கேதான் எனக்கு அந்த யோசனை வந்தது. வேண்டாம் என்று சொன்னால்தானே சண்டை? விசாரித்துச் சொல்கிறேன் என்று சொன்னால் நான் பொறுப்பான புருஷன். லைன் சரியில்லை என்றால் அது கம்பெனியின் தப்பு.

எங்கள் ஊருக்கு இரண்டு கம்பெனி லைன் வந்திருந்தது. ஒன்று 'சூறாவளி ஃபைபர்'. பஸ் நிற்கிற இடத்தில் பெரிய போஸ்டர். இன்னொன்று 'தும்பி நெட்'. முன்பு கேபிள் டிவி நடத்திக்கொண்டிருந்த ரஞ்சித்குமார், தன் கடையிலேயே நடத்துவது. போஸ்டர் கிடையாது.

கோபால்சாமி வீட்டில் சூறாவளி. பாறையில் அவரிடமே கேட்டேன்.

"லைன் எப்டி கீது?"

"படுத்துக்கிச்சி."

"எப்போ?"

"நேத்து. முந்தாநேத்தும்தான். பேரு வெச்சான் பாரு சூறாவளின்னு. லேசா காத்து அடிச்சா போயிடுது."

"கம்ப்ளெயின்ட் பண்ணலியா?"

"எங்கேர்ந்து பண்றது? அதுக்கும் இந்தப் பாறைக்குத்தானே ஏறி வரணும்? வந்து போன் போட்டா, 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம்'னு ஒரு பொண்ணு சொல்லுது. அரை மணி நேரம் அதையே சொல்லுது. எங்க வூட்ல கூட நம்மள இவ்ளோ முக்கியம்னு யாரும் சொன்னதில்லப்பா."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. லைன் போனாலும் பாறை. போனதைச் சொல்லவும் பாறை. கடவுளே எனக்காக ஆரம்பித்த கம்பெனி மாதிரி இருந்தது.

கடமைக்குத் தும்பியையும் விசாரித்தேன். டீக்கடை தேவி வீட்டில் அந்த லைன்தான்.

"நல்லாத்தாங்க வருது" என்றாள்.

"மழைக்குக் கட்டாகறதில்ல?"

"ஆச்சுன்னா ரஞ்சித்து ஏணியத் தூக்கினு வந்துடுதுங்க."

"குறைன்னு ஒண்ணுமே இல்லியா? நல்லா யோசிச்சு சொல்லு."

அவள் வடையைத் திருப்பிப் போட்டுவிட்டு யோசித்தாள். "சூறாவளி மாதிரி வேகமில்லன்னு சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் தெரிலீங்க."

அது போதும் எனக்கு.

மறுநாள் காலை சசிகலாவை உட்காரவைத்துச் சொன்னேன். சூறாவளியின் வேகம், அகலம், ஆழம் எல்லாவற்றையும் சொன்னேன். அதன் பெட்டியில் நாலு ஆன்டெனா என்றேன். விளக்கு நீலக் கலரில் எரியும் என்றேன். தும்பியைப் பற்றிச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தி, "பாவம், ரஞ்சித்து நல்ல பையன்தான். ஆனா மஸ்கட் ரொம்ப தூரம் சசி. அவ்ளோ தூரத்துக்கு அந்தக் கம்பி இழுக்காது" என்றேன்.

"அப்போ தும்பி வேணாங்கறீங்க."

"வேணவே வேணாம்."

"சரிங்க" என்றாள். அவ்வளவுதான். சந்தேகமே இல்லாமல், வெள்ளையாக ஒரு 'சரிங்க'.

அதில்தான் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அவள் ஏதாவது குறுக்குக் கேள்வி கேட்டிருந்தால் நான் சமாளித்திருப்பேன். நம்பிவிட்டாளே! தட்டில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பதினெட்டு வருஷம் கழித்து ஒருத்திக்கு ஒரு கதவு திறக்கிறது, நான் அதற்கு ஆப்பு செதுக்கிக்கொண்டிருக்கிறேன். 'உண்மையைச் சொல்லிவிடலாமா?' என்றுகூட நினைத்தேன். சாயங்காலம் பாறைக்குப் போனேன். முதுகு இதமாக இருந்தது. சொல்ல வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

மூன்றாம் நாள் விடுதியிலிருந்து வந்தால், வாசலில் ஏணி. ஏணி மேல் ரஞ்சித்குமார். சுவரில் துளை போட்டுக் கம்பியை உள்ளே விட்டுக்கொண்டிருந்தான்.

"இன்னா சசி இது? நான் சூறாவளின்னு சொன்னேனே?"

"சொன்னீங்க."

"அப்புறம் தும்பி வந்து நிக்குது?"

சசிகலா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "பதினெட்டு வருஷத்துல நீங்க ஒரு பொருளை வாயாரப் புகழ்ந்து நான் பாத்ததில்ல. என் சாம்பாரைக்கூட 'பரவால்ல'ன்னுதான் சொல்வீங்க. அந்தச் சூறாவளியை அரை மணி நேரம் புகழ்ந்தீங்க. அப்பவே தெரிஞ்சுது, எதைப் போடக்கூடாதுன்னு."

ஏணி மேலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் கேட்டது. இருமல் என்று எடுத்துக்கொண்டேன்.

லைன் வந்தது. நன்றாகவே வந்தது. முதல் நாள் 'இன்று 84' என்று திண்டில் சாய்ந்துகொண்டு அனுப்பினேன். அனுப்பின கணத்தில் இரண்டு நீல டிக். மணி ஆறு பத்து. இனி எட்டு வரைக்கும் என்ன செய்வது?

எங்கள் வீடு இரண்டு ரூம். முன் ரூமில் வகுப்பு. நான் பின் ரூமில் சத்தம் போடாமல் இருக்க வேண்டும். டிவி கூடாது. தும்மல் கூடாது. ஒருநாள் தண்ணீர் குடிக்க வேண்டும் போலிருந்தது. பானை முன் ரூமில். லுங்கி பனியனோடு சுவரை ஒட்டி மெதுவாகப் போனேன். போனிலிருந்து ஒரு சின்னக் குரல் கேட்டது.

"மிஸ், உங்க பின்னாடி ஒரு அங்கிள் திருட்டுத்தனமா போறாரு!"

அது ஷாஸியா. ஏழு வயசு. அவள் அப்பா தானிஷ் வாணியம்பாடிக்காரர்.

சசிகலா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அவர் லைன் பாக்க வந்தவர்மா. நீ படி" என்றாள்.

பின் ரூமில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்ததில் எனக்கு ஒன்று நடந்தது. அதைச் சிரிக்காமல் சொல்கிறேன்.

அவள் குரல் வேறாக இருந்தது. வீட்டில் 'உப்பு இல்ல, வாங்கினு வாங்க' என்று கேட்கிற குரல் இல்லை. ஷாஸியாவுக்கு 'ழ' வரவில்லை. 'பளம்' என்கிறாள், 'பலம்' என்கிறாள், பிறகு அழ ஆரம்பிக்கிறாள். "நாக்கை மேல மடி. இன்னும் உள்ள. அவசரம் வேணாம் கண்ணு. வரும்" என்கிறாள் சசிகலா. பத்துத் தடவை. பதினைந்து தடவை. ஒவ்வொரு தடவையும் முதல் தடவை சொல்வது போலவே. கடைசியில் அந்தக் குழந்தை 'பழம்' என்றதும் இவள் கை தட்டிச் சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பை நான் கேட்டதே இல்லை. இதே வீட்டில்தான் இருந்திருக்கிறேன். 'அவசரம் வேணாம், வரும்' என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. நானும் அவளுக்குச் சொன்னதில்லை.

இரண்டாவது வாரம் தானிஷ் கூப்பிட்டுப் பேசினார். "என் பொண்ணு இப்போ 'இன்னா மிஸ்'ங்குது. எங்க ஊர்ப் பேச்சுங்க! கேட்டு அழுதுட்டேன்" என்றார். ஒரு மாசம் முடியுமுன்பே வேலை உறுதியாகிவிட்டது. நான் மட்டும் ஜெயித்திருந்தால், அந்தக் குழந்தை இன்னும் 'பளம்' என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சசிகலாவிடம் கேட்டேன். "நான் பாறைக்குப் போயினு இருந்தேனே, அந்த ரெண்டு மணி நேரம் நீ இன்னா பண்ணுவ?"

"உக்காந்திருப்பேன்."

"சும்மாவா?"

"சும்மாதான். வாசப்படியில. யாரும் என்னை இன்னான்னு கேக்க மாட்டாங்க."

யாரும் இன்னான்னு கேட்க மாட்டார்கள்! பத்து வருஷமாக ஒரு பெண்ணைத் தனியாக வாசற்படியில் உட்காரவைத்துவிட்டு, நான் பாறையில் முதுகு காய்ந்திருக்கிறேன். அந்த இடத்திலேயே என் வாழ்நாளின் பெரிய தியாகத்தைச் செய்தேன்.

"சசி, கேட்டுக்கோ. இனிமே சாயங்காலத்துல நான் எங்கயும் போறதில்ல. வூட்லயேதான் இருப்பேன். உன் பக்கத்துலயே."

"பக்கத்துலயேவா?"

"பக்கத்துலயே."

"தெனமுமா?"

"தெனமும். ரிட்டையர் ஆனப்புறம் பகல்லயும்."

அவள் கண் கலங்கினாற்போல் இருந்தது. எழுந்து வெளியே போய் வெகுநேரம் நின்றாள். பாவம், சந்தோஷத்தைத் தாங்கமுடியவில்லை என்று நான் அவளைத் தனியாக விட்டேன்.

மறுநாள் திங்கட்கிழமை. ஆறு பத்துக்கு வந்து 'இன்று 84' தட்டினேன். போகவில்லை. சுற்றுகிறது, சுற்றுகிறது, நிற்கிறது. முன் ரூமிலோ ஷாஸியா கணீரென்று படித்துக்கொண்டிருக்கிறாள். அவளுக்கு லைன் இருக்கிறது, எனக்கு இல்லை. செவ்வாயும் அப்படியே. இரண்டு நாளும் சட்டையை மாட்டிக்கொண்டு பாறைக்கு ஓடினேன். எட்டு மணிக்குத் திரும்பி வந்தால் லைன் தானாக வந்திருக்கும்.

புதன்கிழமை நேராக ரஞ்சித்குமார் கடைக்குப் போனேன்.

"இன்னாப்பா லைன் குடுத்திருக்க? ஆறுலேர்ந்து எட்டு வரைக்கும் என் போனுக்கு மட்டும் வரல."

அவன் தலையைச் சொறிந்தான். "ரிப்பேரெல்லாம் இல்ல சார். அக்காதான் ஞாயித்துக்கெழம வந்து போடச் சொன்னாங்க."

"எதைப் போடச் சொன்னாங்க?"

"குடும்பக் கட்டுப்பாடு."

நான் கடை வாசலில் யாராவது இருக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன்.

"கம்பெனியில இதுக்குப் பேரு பேரண்டல் கன்ட்ரோல் சார். இன்ன போனுக்கு இன்ன நேரம் நெட்டு வராதுன்னு பூட்டி வைக்கலாம். நம்ம லேடீஸுக்குப் புரியட்டும்னு தமிழ்ல அப்டி சொல்றேன். கோபால்சாமி சார் வூட்ல கூட சூறாவளியத் தூக்கிட்டு நம்ம லைன் கேட்டிருக்காங்க. இதுக்காகவே."

"அக்கா வேற இன்னா சொன்னா?"

"'அவரு நல்லவருப்பா, போகமாட்டேன்னு சொல்லிட்டாரு, அதான் பயமா இருக்குது'ன்னாங்க."

நான் ஸ்டூலில் உட்கார்ந்தேன். வாசற்படியில் சும்மா உட்கார்ந்திருந்தவளை நினைத்தேன். அவளும் ஒரு பாறையில்தான் இருந்திருக்கிறாள். எனக்குத்தான் அது தெரியவில்லை. கோபம் வரவில்லை. கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது. ஆனால் ஒரு ஆண்பிள்ளை அதை வெளியே காட்டிக்கொள்ள முடியுமா?

"எங்க, காட்டு அதை" என்றேன் அதட்டலாக.

அவன் கம்ப்யூட்டரைத் திருப்பினான். எங்கள் வீட்டு லைன். அதில் இரண்டு போன். சசிகலா பெயருக்கு நேராக 'பெற்றோர்' என்று இருந்தது. என் பெயருக்கு நேராக 'குழந்தை, வயது 8'.

"இந்த மெஷின்ல எட்டு வயசுக்கு மேல போட முடியாதாப்பா?"

"பதினேழு வரைக்கும் போடலாம் சார். அக்காதான் நல்லா யோசிச்சு எட்டுன்னாங்க."