தீக்குச்சி பிரேக்

பயப்படுவதற்கென்று மலாயா முழுவதும் ஒரு பரீட்சை வைத்திருந்தால் எங்கள் பெலான் பெலான்தான் முதலாவதாகத் தேறியிருப்பார். பரிசு வாங்க மேடை ஏறப் பயந்து, பாதியிலேயே வீட்டுக்கு ஓடியும் வந்திருப்பார்.

மலாயில் 'பெலான் பெலான்' என்றால் மெதுவா, மெதுவா என்று அர்த்தம். மலாக்காவில் ரப்பர் ஏற்றுமதி செய்த ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் அவர் பெரிய துரைக்கு டிரைவர். நான் அங்கே கிராணி, அதாவது குமாஸ்தா. அவர் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் தெங்கேரா வளைவில் காரைக் கொஞ்சம் வேகமாகத் திருப்பியிருக்கிறார். பின் சீட்டிலிருந்து துரை, "பெலான் பெலான்!" என்று ஒரு அதட்டுப் போட்டார். அவ்வளவுதான். அந்த உத்தரவைத் துரை அப்புறம் வாபஸ் வாங்கவில்லை, இவரும் மீறவில்லை. சொந்தப் பெயர் மறைந்து அதுவே பெயராகவும் ஆகிவிட்டது.

புக்கிட் பாரு பங்களாவிலிருந்து ஆபீஸ் வந்து சேர்வதற்குள் துரை பேப்பரைக் கடைசிப் பக்க விளம்பரம் வரை படித்து, ஒரு சின்னத் தூக்கமும் போட்டு முடித்துவிடுவார். ஒரு நாள் ஃபைல் கட்டோடு நானும் முன் சீட்டில் இருந்தேன். பேண்டு வாத்தியத்தோடு வந்த ஒரு சீனர் சவ ஊர்வலம் எங்களை முந்திக்கொண்டு போனது. மாட்டு வண்டி எதிர்ப்பட்டால் பெலான் ஹாரனைத் தொடவே மாட்டார்.

"மாடு பயந்துக்கும் தம்பி."

"மாட்டுக்கு என்னண்ணே பயம்?"

"எனக்கே இவ்ளோ பயமா இருக்கு. அதுக்கு இருக்காதா?"

ரோட்டுக்கும் மாட்டுக்கும் பயந்ததைவிட அவர் அதிகமாகப் பயந்தது துரைக்குத்தான். சும்மா சொல்லக் கூடாது, நாங்கள் எல்லோருமே பயந்தோம். துரைக்குக் கோபம் கழுத்தில் ஆரம்பிக்கும். அங்கிருந்து சிவப்பு மெல்ல மேலே ஏறும். காதைத் தொட்டுவிட்டால் யாரோ ஒருவருக்கு அன்றோடு வேலை போயிற்று என்று அர்த்தம். சுவரில் படத்தைக் கோணலாக மாட்டிய ஆபீஸ் பையன் ஒருவன் அப்படித்தான் போனான். அதனால் நாங்கள் துரையின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, கழுத்தைப் பார்த்துத்தான் பேசுவோம். பெலான் பேச்சே வைத்துக்கொள்வதில்லை. எது கேட்டாலும் "எஸ் சார்". மழை வருமா என்றாலும் எஸ் சார், வராதா என்றாலும் எஸ் சார்.

சுதந்திரம் வரப்போகிற நேரம். ஊரெல்லாம் ஒரே உற்சாகம். துரைமார்கள் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுடைய டிரைவர்களுக்கு மட்டும் அடுத்த மாதச் சம்பளம் வருமா என்ற கவலை. எங்கள் துரைக்குப் பதிலாகக் கோலாலம்பூரிலிருந்து ஒரு சீனர் மேனேஜராக வருவதாக முடிவாகியிருந்தது. அவர் தன் காரைத் தானே ஓட்டுகிறவர் என்று பேச்சு. பெரிய துரை போகும்போது அவரிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போனால் பெலானுக்கு வேலை. சொல்லாவிட்டால் நடுத்தெரு.

அந்தச் சமயம் பார்த்துத் துரை ஒரு பழைய அட்டைப் பெட்டியைத் தூக்கி இவர் கையில் கொடுத்தார். பிரித்துக் கிடக்கும் பிளாஸ்டிக் துண்டுகளை ஒட்டி ஒட்டிச் செய்கிற பொம்மைக் கார் அது. பெட்டி மேலே படம்: உயர்ந்த கூரையும் கறுப்பு உடம்புமாகப் பழைய காலத்துக் கார் ஒன்று. துரையின் அப்பா சீமையில் ஓட்டியது அதே மாதிரிக் கார்தானாம்.

"நீ டிரைவர். கார் உனக்குத் தெரியும். சனிக்கிழமை என் பிரிவு உபசார விருந்தில் இது மேசை மேல் இருக்க வேண்டும். படத்தில் இருக்கிற மாதிரியே."

"எஸ் சார்."

நாங்கள் குடியிருந்தது காஜா பேராங்கில், ஒரு செட்டி வீட்டு அம்மாவின் மாடியில். மலாக்கா செட்டிகள் வீட்டில் பேசுவது மலாய், கும்பிடுவது நம் சாமி. மாடியில் பெலான், நான், துணிக்கடையில் வேலை பார்த்த காதர் பாய் என்று மூன்று பேர். பெட்டி வந்த நாளிலிருந்து மூன்று பேருக்கும் நிம்மதி போயிற்று. துண்டு ஏதாவது பறந்துவிடும் என்று பெலான் ஜன்னலைத் திறக்க விடமாட்டார். தும்மல் வந்தால் கீழே இறங்கிப் போய்த் தும்மிவிட்டு வர வேண்டும். காதர் பாய் ஒரு தடவை அவசரத்தில் மாடிப்படியிலேயே தும்மிவிட்டார். அதற்கு ஒரு நாள் முழுக்க அவரோடு பேச்சில்லை.

பாதி வேலை ஆனதும் பெலானுக்குப் புதிதாக ஒரு பயம் பிடித்தது.

"தம்பி, இதுல பிரேக்கே இல்லையே!"

"பொம்மைக் காருக்கு எதுக்குண்ணே பிரேக்?"

"பிரேக் இல்லாத காடியைத் துரை கையில குடுக்கச் சொல்றியா? மேசையிலேர்ந்து உருண்டு அவர் கால்ல விழுந்தா?"

ஒரு தீக்குச்சியை மூன்றாக உடைத்து, சீவி, டிரைவர் சீட்டுக்கு முன்னால் ஒரு குட்டி பிரேக் மிதியை ஒட்டிய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது. அது எந்தச் சக்கரத்தையும் நிறுத்தாது. கூரையை ஒட்டிவிட்டால் வெளியேயும் தெரியாது. இருந்தாலும் அது அங்கே இருக்க வேண்டும்.

சனிக்கிழமை அரை நாள்தான் ஆபீஸ். நாங்கள் மதியம் வீடு திரும்பியபோது கறுப்புக் கார் படத்தில் உள்ளபடியே பளபளவென்று நின்றது. விருந்து நாலு மணிக்கு, புக்கிட் பாரு பங்களாவில். துரையின் காரும் வாசலில் தயாராக நின்றது. பெலான் பொம்மையைக் கையில் எடுத்துக்கொண்டு படியிறங்க, கீழே வீட்டுக்காரம்மா இடுப்பில் கை வைத்து வழிமறித்தார்.

"கெரெத்தா பாரு, மெஸ்தி செம்பாயாங் டூலு!"

புதுக் கார் என்றால் முதலில் பூசை போட்டாக வேண்டும். பொம்மைதானே என்று நான் சொல்லிப் பார்த்தேன். அம்மா என்னை ஒரு முறை முறைத்தார். பெலானுக்கோ, பூசை போடாத வண்டி என்ற சொல் காதில் விழுந்ததுமே வியர்த்துவிட்டது.

"போட்டுருவோம் தம்பி. எதுக்கு வம்பு?"

சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சை பெரிது என்று, அம்மா தோட்டத்திலிருந்து கோலிக்குண்டு அளவில் நான்கு கஸ்தூரி எலுமிச்சை பறித்து வந்தார். அதுவும் சக்கரத்தை விடப் பெரியதாக இருந்தது. கார் பழங்களின் மேல் ஏறி ஆடிக்கொண்டு நின்றது. பெலான் கற்பூரத் தட்டை எடுத்தார். அவர் கை சாதாரண நாளிலேயே நடுங்கும். முதல் சுற்று ஒழுங்காகப் போனது. இரண்டாவது சுற்றில் பழம் ஒன்று உருண்டு கார் சரிய, இவர் பதறி அதைப் பிடிக்கப் போய், தட்டோடு கார் மேல் சாய்ந்துவிட்டார்.

பிளாஸ்டிக் என்ற பொருள் கற்பூரத்துக்கு ஆகாது என்று அன்றைக்குத்தான் எங்கள் மூவருக்கும் தெரிந்தது. கூரை அப்பளம் மாதிரி சுருண்டது. பானெட் உருகிச் சொட்டியது. பக்கவாட்டில் தீ நக்கிய தடம் நீளமாக விழுந்தது. சாப்பிட வந்திருந்த காதர் பாய் கையிலிருந்த தேத்தண்ணியை அப்படியே ஊற்றி அணைத்தார்.

பெலான் தரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே பயமாக இருந்தது.

"போச்சு தம்பி. வேலை போச்சு. இந்த வயசுல எவன் என்னை வெச்சுக்குவான்? நான்தான் காடியை ஓட்டவே மாட்டேங்கிறேனே, உருட்டுறேனே!"

அவர் அழுதிருந்தால் தேற்றியிருக்கலாம். அழக்கூடப் பயந்துபோய் உட்கார்ந்திருந்தார். திடீரென்று எழுந்தார். அவர் வேகமாக எதையாவது செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சவரப் பிளேடால் சுருண்ட கூரையை அடியோடு அறுத்து எறிந்தார். பானெட் இல்லாமல் எஞ்சின் திறந்து கிடந்தது. அதை மறைக்க வழியில்லாமல் குடைக் கம்பியை வெட்டிப் புகைக்குழாய் என்று இரண்டு பக்கமும் சொருகினார். பின் சக்கரங்கள் இரண்டும் கோணிப் போயிருந்தன. வீட்டுக்காரம்மாவின் மருந்து பாட்டில் ரப்பர் மூடிகள் அங்கே ஏறின. முன் சக்கரங்களுக்குக் காதர் பாய் சட்டைப் பையிலிருந்து இரண்டு கோட் பொத்தான்களைக் கொடுத்தார். பக்கத்துக் கடைச் சீனர் மரக்கட்டைச் செருப்புக்குப் பூசுகிற சிவப்புச் சாயத்தை நான் வாங்கி வந்தேன். கைநடுக்கத்தில் பெலானால் பூச முடியவில்லை என்பதால் நானே பூசினேன். தீத்தடம் மட்டும் எத்தனை பூசினாலும் மறையவில்லை.

"மறையலேன்னா விடுங்க லா. நெருப்பாவே வரைஞ்சிடலாம்" என்று காதர் பாய் அதன் மேலேயே மஞ்சளில் தீ நாக்குகளை வரைந்தார்.

தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். கூரையில்லை. எஞ்சின் வெளியே. பின்பக்கம் எகிறி, முன்பக்கம் பதுங்கி, பக்கமெல்லாம் நெருப்பு. அப்படி ஒரு காரை மலாக்கா அதுவரை பார்த்ததில்லை. மலாக்காவில் மிக மெதுவாக ஓட்டுகிற மனிதர், பார்த்தாலே பயம் வருகிற மாதிரி ஒரு வேகக் காரைச் செய்து வைத்திருந்தார்.

அவரைத் தனியாக அனுப்ப மனசில்லாமல் நானும் கூடவே ஏறிக்கொண்டேன். கைக்குட்டை மூடிய பொம்மை என் மடியில் இருந்தது. நேரமாகிவிட்டதால் வழியில் பெலான் ஒரு மாட்டு வண்டியை முந்தினார். முந்திவிட்டு ஜன்னல் வழியாக மாட்டைப் பார்த்து, "மன்னிச்சுக்கப்பா" என்றார்.

பங்களா வராந்தாவில் நீள மேசை. புது மேனேஜரும் வந்திருந்தார். நான் பொம்மையை மேசையில் வைத்தேன். துரை கைக்குட்டையை எடுத்தார்.

நான் கழுத்தைப் பார்த்தேன். சிவப்பு ஆரம்பித்துவிட்டது.

"கூரை எங்கே?"

"எஸ் சார்."

"இதுவா என் அப்பாவின் கார்?"

"எஸ் சார்."

சிவப்பு தாடைக்கு ஏறியது. துரையின் பார்வை மேசையில் அலைந்து என் கையில் வந்து நின்றது. விரல் பத்திலும் செருப்புச் சாயம். நான் கையைப் பின்னால் மறைத்தேன். என் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பமே இருந்தது. துரை பெலான் பக்கம் திரும்பினார்.

"இவன்தானே இதைப் பாழாக்கினான்?"

ஒரே ஒரு "எஸ் சார்" போதும். அவருடைய வேலை தப்பிக்கும். அதுவும் அவர் வாயில் எப்போதும் தயாராக இருக்கிற வார்த்தை. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நோ சார்."

அந்தக் குரல் யாருடையது என்று எனக்கு ஒரு விநாடி புரியவில்லை. கண்ணைத் திறந்தால், பெலான் பெலான் உடம்பெல்லாம் நடுங்க நின்றுகொண்டிருந்தார்.

"நோ சார். மீ ஒன்லி சார்."

சிவப்பு காதுக்கு ஏறிவிட்டது. முடிந்தது கதை என்று நினைத்தேன். துரை பொம்மையைத் தூக்கினார். தரையில் எறியப் போகிறார் என்று புது மேனேஜர்கூட ஒதுங்கி நின்றார். கூரை இல்லாததால் துரைக்குக் காரின் உள்ளே தெரிந்தது. கண்ணருகே கொண்டுபோய் உற்றுப் பார்த்தார்.

"சீட்டுக்கு முன்னால் என்ன இது?"

"பிரேக் சார்."

"பொம்மைக் காருக்கா?"

"துரை சொன்னது சார். பெலான் பெலான்."

"நான் எப்போது சொன்னேன்?"

"ஃபர்ஸ்ட் டே சார். தெங்கேரா."

துரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷமும் ஆபீசுக்குத் தாமதமாகவே போய்ச் சேர்ந்ததன் காரணம் அப்போதுதான் அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணைத் துடைத்துவிட்டுப் புது மேனேஜரிடம் சொன்னார்:

"நீங்களே ஓட்டிக்கொள்வீர்கள் என்று கேள்விப்பட்டேன். வேண்டாம். இவனை வைத்துக்கொள்ளுங்கள். லேட்டாகத்தான் போவீர்கள், ஆனால் முழுசாகப் போவீர்கள்."

அந்த நெருப்புக் காரைப் பெட்டியில் போடாமல் கையில் வைத்துக்கொண்டேதான் துரை கப்பல் ஏறினார். பல வருஷம் கழித்து முடிவெட்டும் கடையில் ஒரு அமெரிக்கப் பத்திரிகையைப் புரட்டினேன். கூரை வெட்டி, எஞ்சினைத் திறந்து, பின் டயரைக் கொழுக்க வைத்து, பக்கத்தில் தீ வரைந்த கார்கள் பக்கம் பக்கமாக இருந்தன. அங்கே பணக்காரப் பிள்ளைகள் ஆசைப்பட்டுச் செலவழித்துச் செய்கிறார்களாம். எங்களுக்கு ஒரு கட்டிக் கற்பூரமே போதுமானதாக இருந்தது.

விருந்து முடிந்து அன்று மாலை திரும்பி வரும்போது பெலானிடம் கேட்டேன்: "அண்ணே, அப்போ பயமா இல்லையா?"

"இல்லாம? இன்னும் நிக்கல, பாரு" என்று ஸ்டியரிங்கில் நடுங்குகிற கையைக் காட்டினார். எதிரே மாட்டு வண்டி ஒன்று வந்தது. ஓரமாக ஒதுங்கி, காரை நிறுத்தி, அது போகும்வரை காத்திருந்தார். அதற்குப் பிறகும் எத்தனையோ தடவை அவரோடு போயிருக்கிறேன். சீக்கிரம் போய்ச் சேர வேண்டும் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றியதில்லை.