யூனிபாரத்தோடு தூங்கியவர்கள்

எங்கள் வீட்டில் தூங்கும் உரிமை ஒரே ஒருவருக்குத்தான் உண்டு. அது நான் இல்லை. இதைப் புகாராகச் சொல்லவில்லை. (புகாராகத்தான் சொல்கிறேன். காது கொடுத்துக் கேட்க ஆள் இல்லாததால் எழுதுகிறேன்.)

அந்த ஒருவர் என் வீட்டுக்காரர். எண்பதுகளின் கடைசியில் ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு முன்னறையும் ஒரு சமையலறையுமாக இருந்த வீட்டில் குடியிருந்தோம். அவருக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. நைட் ஷிஃப்ட் வாரத்தில் காலையில் வந்து படுத்தாரென்றால் சாயங்காலம் வரை வீடு மூச்சு விடக்கூடாது. குக்கர் விசில் அடிக்கக்கூடாது. தெருவில் ஐஸ்காரர் மணி அடித்தால் என் பிள்ளைகள் ஓடிப்போய், "எங்கப்பா தூங்கறார்" என்று அவரை விரட்டிவிட்டு வருவார்கள். ஐஸ் வாங்கித் தரச்சொல்லி அழவேண்டிய வயசு இரண்டுக்கும்.

நான் எழும்பூரில் ஓர் ஆபீசில் டைப்பிஸ்ட். விடியுமுன் எழுந்து சமைத்து, பிள்ளைகளை அனுப்பிவிட்டு, தாம்பரம் வந்து ரயில் பிடிக்கவேண்டும். நான் எப்போது தூங்குகிறேன் என்று யாரும் கேட்டதில்லை. ஜன்னல் கம்பியில் தலை இடிக்க இடிக்க எழும்பூர் வரை போவேனே, அதுதான் என் தூக்கம்.

மூத்தவள் சுதா மூன்றாம் வகுப்பு. சின்னவன் பாலாஜி யுகேஜி. சேலையூர்ப் பக்கம் இருந்த அவர்கள் பள்ளியில் சின்ன வகுப்புகளுக்குக் காலையில் மட்டும்தான் பாடம். ஏழுக்கு மணி அடித்ததும் கேட்டைச் சாத்திவிடுவார்கள். அதற்காகத் தெருமுனைக்கு ஆறு மணிக்கே ரிக்ஷா வந்துவிடும்.

அப்படியானால் பிள்ளைகள் ராத்திரி எட்டரைக்காவது படுக்கவேண்டாமா? எப்படிப் படுப்பார்கள்? எங்கள் வரிசையில் முதலில் டிவி வாங்கியவர் என்ற பெருமை என் வீட்டுக்காரருக்கு. டிவி இருந்தது முன்னறையில். பிள்ளைகளின் பாயும் முன்னறையில். அவர் வீட்டில் இருக்கும் ராத்திரிகளில் பக்கத்து வீடு, எதிர் வீடு, மாடி வீடு என்று எல்லோரும் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். "வரட்டுமே, பாவம். மனுஷங்கதானே?" என்பார் பெரிய மனசோடு. பாலாஜி யார் மடியிலாவது தூங்கி விழுவான். சுதா கொட்டாவி விட்டபடி சுவரில் சாய்ந்திருப்பாள். கடைசி ஆள் செருப்பு மாட்டிக்கொண்டு போனபிறகுதான் என்னால் பாயை விரிக்க முடியும்.

மறுநாள் காலை இரண்டையும் எழுப்புவதற்குள் என் உயிர் போய் உயிர் வரும். அடிக்கடி ரிக்ஷாவை விட்டோம். பள்ளிக்கு லேட்டாகப் போனோம். கடைசியில் ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"இன்னொரு நாள் லேட்டா வந்தா ரெண்டு பேருக்கும் டிசி வாங்கிட்டுப் போயிடுங்க. உங்க வீட்டுக்காக நான் மணியை மாத்தி அடிக்க முடியாதும்மா."

அந்தப் பள்ளியில் இடம் கிடைக்க ஒரு வருஷம் நாயாக அலைந்திருந்தேன். (அலைந்தது நான். சேர்த்த அன்று மிட்டாய் கொடுத்துப் பெருமை அடித்துக்கொண்டது அவர்.) அங்கிருந்து அனுப்பிவிட்டால் பிள்ளைகளை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது? இந்தப் பயத்தில்தான் என் மூளையில் அந்த மகத்தான யோசனை உதித்தது. பிள்ளைகளை ராத்திரியே யூனிபாரம் போட்டுத் தூங்க வைத்துவிடுவது!

சுதாவுக்கு ராத்திரியே இரட்டைப் பின்னல், ரிப்பன். பாலாஜிக்கு டவுசர், சட்டை, சாக்ஸ். ஷூ ஒன்றுதான் பாக்கி. அதையும் யோசித்தேன், பாய் அழுக்காகும் என்று விட்டுவிட்டேன். காலையில் எழுப்பி, பல் தேய்த்து, வாயில் நாலு வாய் திணித்துத் தெருவில் தள்ளினால் முடிந்தது. கசங்கின சட்டைக்கு யாரும் டிசி கொடுப்பதில்லையே! லேடீஸ் கம்பார்ட்மெண்டில் இதை என் கண்டுபிடிப்பாகச் சொல்லி அலட்டிக்கொண்டேன். குரோம்பேட்டையில் ஏறும் ஒருத்தி, "நீங்க ஜீனியஸ்க்கா" என்றாள். நம்பினேன் பாருங்கள், அங்கேதான் சனி பிடித்தது.

அது ஆடி மாசம். ரேஷனில் மண்ணெண்ணெய் போடுகிறார்கள் என்று அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து, வரிசையில் நின்று வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். முன்னறையில் அவர், நைட் ஷிஃப்ட் முடித்த தூக்கத்தில். பிள்ளைகள் யூனிபாரத்தைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். துணி இருந்த பீரோ முன்னறையில். அது திறந்தால் கிறீச்சென்று கத்தும். அவர் எழுந்துவிடுவார். சரி, இருக்கட்டும் என்று இரண்டையும் சமையலறைக்குக் கூட்டிப்போய்த் தயிர்சாதம் கொடுத்து, "சத்தம் போடாம படுங்க" என்றேன். நானும் ஆபீஸ் புடவையோடு பக்கத்தில் சாய்ந்தேன். அஞ்சே நிமிஷம் என்றுதான் சாய்ந்தேன்.

கண் விழித்தபோது கடிகாரத்தில் ஆறு மணி பத்து நிமிஷம். ஜன்னலில் இளம் வெயில். அம்மன் கோயில் ஸ்பீக்கர் அலறிக்கொண்டிருந்தது. (ஆடியில் அது விடியற்காலையும் அலறும், சாயங்காலமும் அலறும்.) பிள்ளைகள் யூனிபாரத்தில், ரிப்பனோடு, என் ஏற்பாட்டின்படியே தூங்கிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தால் குழாயடியில் என் வீட்டுக்காரர் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார். விடிந்துவிட்டது என்பதற்கு இதற்குமேல் ஒரு மனுஷிக்கு என்ன சாட்சி வேண்டும்?

(நைட் ஷிஃப்ட் போனவர் காலை ஆறு மணிக்கு வீட்டில் எப்படி இருப்பார் என்று நீங்கள் கேட்கலாம். தூங்கி எழுந்தவர்கள் அப்படியெல்லாம் கேட்கலாம். எனக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.)

"ஐயையோ! டிசி!" என்று அலறினேன். இரண்டையும் உலுக்கி எழுப்பி, வாயில் பல்பொடியைத் தேய்த்து, டப்பாவில் பிரெட்டைத் திணித்து, பையை மாட்டி, ஷூவை மாட்டி இழுத்துக்கொண்டு ஓடினேன். போகும்போது குழாயடியில் நின்றவரிடம், "ரிக்ஷா வந்துதா, பார்த்தீங்களா?" என்று கேட்டேன். வாய் நிறைய நுரையோடு என்னைப் பார்த்தார். பிள்ளைகளைப் பார்த்தார். புருவத்தை உயர்த்தினார். பிறகு இல்லை என்று தலையாட்டிவிட்டு, தேய்ப்பதைத் தொடர்ந்தார்.

தெருமுனையில் ரிக்ஷா இல்லை. போய்விட்டது என்று முடிவு கட்டி நடக்க ஆரம்பித்தேன். பாலாஜி இடுப்பில், சுதா கையில். எதிரே ஜனங்கள் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காய்கறிப் பையோடு வந்தார்கள். எல்லோரும் நைட் ஷிஃப்ட் போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. மழை வரப்போகிறதே, குடை எடுக்கவில்லையே என்று அது வேறு கவலை. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

மெயின் ரோட்டில் பூ விற்கும் அம்மாள் எங்களைப் பார்த்துவிட்டு, "இன்னாக்கா, புள்ளைங்கள இட்டுகினு எங்க ஓடிகினு கீற?" என்றாள்.

"ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சும்மா!"

"லேட்டுதான் கீது. ரொம்பவே லேட்டு" என்றாள் அவள், மோவாயில் கையை வைத்துக்கொண்டு.

அந்த நேரத்தில் சுதா என் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு நிற்க நேரமில்லை.

பள்ளியின் கேட் சாத்தியிருந்தது. கம்பியைப் பிடித்து உலுக்கினேன். வாட்ச்மேன் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வந்தார்.

"அண்ணா, இன்னிக்கு ஒரு நாள் மட்டும் உள்ள விடுங்கண்ணா. உங்க பிள்ளைங்க மாதிரி நினைச்சுக்குங்க!"

"எதுக்கும்மா உள்ள?"

"கிளாஸுக்குத்தான்! பிரேயர் முடிஞ்சுடுச்சா?"

அவர் என்னைப் பார்த்தார். வானத்தைப் பார்த்தார். என்னைக் குடித்தவள் என்று நினைத்தாரோ, பேய் பிடித்தவள் என்று நினைத்தாரோ, இரண்டடி பின்னால் நகர்ந்து, "மேடம்!" என்று குரல் கொடுத்தார். ஹெட்மிஸ்ட்ரஸுக்குப் பள்ளி வளாகத்துக்குள்ளேயே வீடு. அவர் நைட்டியில் வந்தார். நைட்டியைப் பார்த்தும் எனக்குப் புத்தி வரவில்லை என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். "டிசி மட்டும் கொடுத்துடாதீங்க மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டு, நடுரோட்டில் விம்மி விம்மி அழுதேன்.

அவர் நிதானமாகச் சொன்னார். "ஏம்மா, நாளைக்கு கிளாஸுக்கு இன்னிக்கு சாயங்காலமே வந்துட்டீங்களா? இவ்வளவு பங்ச்சுவாலிட்டி நான் கேக்கலையே."

அந்தச் சமயம் பார்த்துத் தெருவிளக்கு எரிந்தது.

பஸ் பிடித்துத் திரும்பி வந்தால் எங்கள் வாசலில் கூட்டம். நடந்ததை என் வீட்டுக்காரர் ஏற்கெனவே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். "குட் மார்னிங்!" என்று வரவேற்றார். தெருவே சிரித்தது.

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" என்று கேட்டேன்.

"வாய் நிறைய நுரைடி. எப்படிப் பேசறது? நீ தெருமுனை வரைக்கும் போயிட்டுத் திரும்பிடுவேன்னு நினைச்சேன்."

அவர் ஷிஃப்டுக்குக் கிளம்பிப் போனபிறகும் கதை கேட்க ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள். சாயங்காலம் முழுக்கத் தூங்கியிருந்த பிள்ளைகள் நடுராத்திரி வரை கொட்டக் கொட்ட விழித்திருந்தார்கள். மறுநாள் காலை நிஜமாகவே ரிக்ஷாவை விட்டோம். நிஜமாகவே லேட்.

ஹெட்மிஸ்ட்ரஸ் டிசி கொடுக்கவில்லை. கொடுத்திருந்தால் தேவலை. நேரம் தவறாமை பற்றிப் பிரேயரில் ஒரு சொற்பொழிவு ஆற்றி, அதில் எங்கள் கதையைச் சொன்னார். மொத்தப் பள்ளியும் சிரிக்கும்போது சுதா மேடைக்குப் பக்கத்தில் நிற்க வைக்கப்பட்டிருந்தாள். அன்றிலிருந்து அந்தப் பள்ளியை விட்டுப் போகும்வரை அவள் பெயர் 'நைட் ஸ்கூல்'.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவள் சொன்னாள். "எனக்கு அப்பவே தெரியும்மா. பூக்கார ஆயா சொன்னாங்கல்ல, அப்பவே."

"அடிப்பாவி, சொல்லித் தொலைக்கிறதுக்கு என்ன?"

"நீ அழுதுகிட்டே வந்தே. சொன்னா அடிப்பேன்னு பயமா இருந்துச்சு."

எட்டு வயசுப் பெண், என் கைக்குப் பயந்து, சாயங்காலம் பள்ளிக்கூடம் போயிருக்கிறாள். அதற்கப்புறம் நான் அவர்களை யூனிபாரத்தோடு படுக்க வைக்கவில்லை.

ஆனால் ஜோக் நின்றுவிடவில்லை. இன்றுவரை நான் சாயங்காலம் கொஞ்சம் கண் அசந்தால் போதும். மைத்துனர், நாத்தனார், மாப்பிள்ளை, யாராயிருந்தாலும் "குட் மார்னிங்" சொல்லாமல் எழுப்புவதில்லை. ரிட்டயர் ஆன என் வீட்டுக்காரர் மத்தியானம் தூங்கும்போது மட்டும் இப்போதும் வீடு மூச்சு விடுவதில்லை.

அவருடைய அறுபதாம் கல்யாணத்தில் மைக்கைப் பிடித்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி அந்தக் கதையைச் சொன்னார். பூக்காரி வந்தாள், வாட்ச்மேன் வந்தார், நைட்டி வந்தது. குழாயடி மட்டும் வரவில்லை. எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். கோவிலம்பாக்கத்திலிருந்து வந்திருந்த சுதா மட்டும் தன் பெண்ணை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

நான் மைக்கை வாங்கினேன். "ஒரு வாய் நுரையைத் துப்பறதுக்கு எவ்வளவு நேரம் ஆகுங்க?" என்று கேட்டேன்.

அதையும் ஜோக் என்று நினைத்துக் கூட்டம் கைதட்டியது. நான் அவரையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் மாலையைச் சரிசெய்துகொண்டு வேறு பக்கம் பார்த்தார். அப்போது அவர் வாயில் நுரை ஒன்றும் இல்லை.