மாரண்டஹள்ளியில் ஒரு மூங்கில் கட்டுப்பாட்டு நடவடிக்கை

தருமபுரி மாவட்டத்தில் பசுமைக்காகத் தங்களை அர்ப்பணித்தவர்களின் பட்டியல் ஒன்று தயாரானால், அதில் முதல் பெயர் மாரண்டஹள்ளி மாதவராஜ் என்றுதான் இருக்கும். பட்டியலைத் தயாரிப்பவரும் அவராகவே இருப்பார். முப்பத்திரண்டு வருஷம் ஊரார் நிலத்தை அளந்து கொடுத்து ஓய்வு பெற்ற மகானுக்கு இந்தச் சிரமம் ஒரு சிரமமா?

அப்பேர்ப்பட்டவரின் பக்கத்து வீட்டில் வசிக்கும் பாக்கியம் ஹயாத் பாஷாவுக்கு வாய்த்திருந்தது. பாலக்கோடு சாலையில் தகரப் பட்டறை வைத்து, பெட்டியும் டிரம்மும் செய்கிறவர். நாளெல்லாம் தகரத்தை அடித்துவிட்டு வருகிறவருக்கு வீட்டில் குரலை உயர்த்தத் தெம்பு இருக்காது.

நாலு வருஷத்துக்கு முன் மாதவராஜ் ஓசூர் நர்சரியிலிருந்து நாலு 'தங்க மூங்கில்' கன்றுகளோடு வந்து இறங்கினார். இரண்டு வீட்டுக்கும் நடுவிலிருந்த தன் மதிலிலிருந்து மூன்றடி உள்ளே தள்ளி, அத்தனை பெரிய தோட்டத்தில் வேறு இடமே இல்லாததுபோல் நாலையும் ஒரே இடத்தில் நெருக்கி நட்டார்.

"ஆக்சிஜன், பாய். உங்களுக்கும் சேர்த்துத்தான் நடறேன்."

"ரொம்ப சந்தோஷங்க சார்" என்றார் ஹயாத் பாஷா.

அது வைத்த இடத்தில் புதராக நிற்கும் மூங்கில் அல்ல. தரைக்குள்ளேயே வேரை ஓடவிட்டு, போகிற வழியெல்லாம் தலைநீட்டும் சாதி. முதல் வருஷம் சாதுவாக இருந்தது. இரண்டாம் வருஷம் தோட்டத்தில் உலாப் போனது. மூன்றாம் வருஷம் மதிலுக்கு அடியில் நுழைந்து ஹயாத் பாஷாவின் சந்துக்கு வந்தது. இந்த வருஷம், குளிக்கப் போன அவர் மனைவி ஹாஜிரா அலறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"என்னங்க, பாத்ரூம்ல யாரோ நிக்கறாங்க!"

ஹயாத் பாஷா கையில் கிடைத்த சுத்தியலோடு பாய்ந்தார். வாளிக்கும் குழாய்க்கும் நடுவில், சிமென்ட் தரையைப் பிளந்துகொண்டு, முழங்கால் உயரத்தில் கூராக நின்றது ஒரு குருத்து.

அன்றே போய் முறையிட்டார். மாதவராஜ் அவரை உட்காரவைத்துச் சட்டம் போதித்தார்.

"உங்க பாத்ரூம் யாரு நிலத்துல இருக்குது?"

"எங்க நிலத்துலதாங்க."

"அப்ப அதுல முளைச்சது உங்க மூங்கில். என் மூங்கில் என் நிலத்துல இருக்குது."

"வேரு உங்க வூட்டுதுங்களே சார்?"

"வேரு பூமிக்குள்ள இருக்குது பாய். பூமிக்குள்ள இருக்கறது அரசாங்கத்துக்குச் சொந்தம்."

இருந்தாலும் அவர் மனசு இளகியது. 'ஆக்கிரமிப்புத் தாவரக் கட்டுப்பாட்டுக் குழு' உடனே உதயமாயிற்று. தலைவர் மாதவராஜ். செயலாளர் அவர் மனைவி நிர்மலாதேவி. உறுப்பினர்கள் பின்னர் அறிவிக்கப்படுவார்கள். முதல் கூட்டத்துக்கு ஹயாத் பாஷா 'எதிர்த்தரப்பு' என்ற கௌரவத்துடன் அழைக்கப்பட்டார். செயலாளர் ஒரு கையால் பஜ்ஜியைத் திருப்பிக்கொண்டு மறுகையால் தீர்மானம் எழுதினார். மூங்கிலின் அத்துமீறலைக் குழு வன்மையாகக் கண்டித்தது. கண்டனத்தின் நகலை மூங்கில் பார்க்கும்படி மதிலில் ஒட்டுவதென்றும் முடிவாயிற்று. ஒட்டினார்கள். ஒரு வாரத்தில் புதுக் குருத்துகள் எழும்பிக் கண்டனத்தை மறைத்துவிட்டன.

ஹயாத் பாஷா தயங்கித் தயங்கி ஒரு யோசனை சொன்னார்.

"சார், பட்டறையில கெட்டித் தகரம் கெடக்குது. ரெண்டரை அடிக்குப் பள்ளம் தோண்டி, ஓடுற வேரையெல்லாம் வெட்டிட்டு, தகரத்த நிறுத்தி வச்சா தாண்டாதுங்க. அப்புறம் வர்ற குருத்த வரவர ஒடிச்சுக்கிட்டே இருந்தா ரெண்டு மூணு வருஷத்துல வேரு சோர்ந்து போயிடும். எல்லாம் என் செலவுங்க."

'என் செலவு' என்ற சொல் மாதவராஜின் முகத்தில் மலர்ச்சியை உண்டாக்கியது.

"தாராளமா. உங்க பக்கம் தோண்டிக்குங்க."

"பொறப்படற எடத்துல மடக்கணுங்க. உங்க பக்கம்தான் தோண்டணும்."

மலர்ச்சி வாடியது. "அதெல்லாம் கூடாது! மண்புழுவோட வாழ்வாதாரம் என்ன ஆவறது?"

மண்புழுவுக்காகக் கண்கலங்கும் மனிதரை ஹயாத் பாஷா அன்றுதான் பார்த்தார். ஒரு மாதம் ஓடியது. அதற்குள் மூங்கில் நிர்மலாதேவியின் கழிவுநீர்த் தொட்டிக்குள்ளும் இறங்கிவிட்டது.

தான் இன்னும் உயிரோடு இருப்பதை அரசாங்கத்துக்கு நிரூபித்து ஓய்வூதியம் தொடரச்செய்ய மாதவராஜ் பாலக்கோடு போன ஒரு நாளில், நிர்மலாதேவி கேட்டைத் திறந்துவிட்டார்.

"வாங்க பாய். மண்புழுவுக்கு நான் பதில் சொல்லிக்கறேன்."

ஹயாத் பாஷா கடப்பாறையால் குத்த, ஹாஜிரா மண்வெட்டியால் மண்ணை வாரினாள். கயிறு கயிறாக வேர் வந்தது. நாலு கன்றும் பெருத்துப் பின்னிக் கிடந்த நட்டநடுவில் கடப்பாறை 'ணங்' என்றது. மண்ணைத் துடைத்துப் பார்த்தார்கள். தலையில் பெருக்கல் குறி வெட்டிய எல்லைக்கல்.

எதிரே மூன்றடி தள்ளி மதில். கல் இங்கே இருந்தால், கல்லுக்கும் மதிலுக்கும் நடுவிலுள்ள மண் யாருடையது? பள்ளிக்கூடம் அதிகம் போகாத ஹயாத் பாஷாவுக்கும் அந்தக் கணக்குப் புரிந்தது.

"துணி தொவைக்கற கல்லு புதைஞ்சு கெடக்குது, அங்க தோண்டாதன்னாரே!" என்றார் நிர்மலாதேவி.

பாலக்கோட்டிலிருந்து சான்றோடு திரும்பிய மாதவராஜ் கல்லைக் கண்டார். வேறு எவனாவது இருந்தால் வெட்கப்பட்டிருப்பான். அவர் சட்டம் தெரிந்தவர்.

"அப்படின்னா மூங்கில் முளைச்சதே உங்க நிலத்துலதான் பாய்! நாலு வருஷமா எனக்குத் தொல்லை குடுத்தது நீங்க. தண்ணி ஊத்தினது நான்!"

ஹாஜிரா மண்வெட்டியைக் கீழே போட்டாள்.

"எங்க மாமனாரு மௌத்தானப்ப, ஜனாஸாப் பெட்டிய அந்தச் சந்துல திருப்ப முடியல சார். அவர சாய்ச்சுத் தூக்கிட்டுப் போனோம். நீங்ககூட மதிலுக்கு இந்தப் பக்கம் நின்னு, பாத்து, பாத்துன்னு சொன்னீங்க."

மாதவராஜ் சட்டப் புத்தகம் முழுவதையும் மனசுக்குள் புரட்டினார். அதற்கு மட்டும் பிரிவு கிடைக்கவில்லை. நிர்மலாதேவி அவரைப் பார்க்காமல், "மதில இடிக்க நாளைக்கே ஆளைக் கூட்டியாங்க பாய்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

மதில் இடிந்து, கல்லுக்கு நேராகப் புதிதாக எழுந்தது. அடியில் தகரம் இறங்கியது. ஹாஜிரா காலையில் எழுந்ததும் முதல் வேலையாகக் குருத்துகளை ஒடித்தாள். மூங்கில் மெல்ல மெல்ல அடங்கிவந்தது. மாதவராஜ் டீக்கடையில், சுற்றுச்சூழலுக்காக மூன்றடி நிலத்தைத் தானமாகக் கொடுத்த கதையைச் சொல்லத் தொடங்கினார். அதற்காக ஒரு சங்கம் அவருக்குச் சால்வையும் போர்த்தியது.

தோட்டத்தில் மூங்கில் தொல்லை உள்ளவர்கள் இப்போது பட்டறைக்கு வந்து ஹயாத் பாஷாவிடம் யோசனை கேட்கிறார்கள்.

"மூங்கில அடக்கறது சுலபங்க" என்கிறார் அவர், தகரத்திலிருந்து கண்ணை எடுக்காமல். "அது உள்ள வர்றப்ப தரை வெடிக்கும், நமக்குத் தெரிஞ்சுடும். பழைய மதில் கட்டறப்ப சார் டேப்பு எடுத்துக்கிட்டு, எல்லைய சும்மாவே அளந்து தர்றேன்னு வந்தாருங்க. நாங்க டீ போட்டுக் குடுத்து, டேப்போட இன்னொரு முனையையும் புடிச்சுக்கிட்டு நின்னோம்."